முதல் பாகத்துக் கோழி

‘நீங்கள்தான் வெண்கலக் கோட்டையின் கடைசிக் காவலன். பகைவர் படை வாயிலை நெருங்கிவிட்டது. ஒரு நொடியும் வீணாக்க நேரமில்லை. அஞ்சாமல் முன்னேறுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்!’

ஆட்டப் பெட்டியின் பின்அட்டையில் இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அந்தக் கடைசிக் காவலனை நான் பார்த்தபோது, அவர் ஒரு சத்திரத்தின் சமையலறையில் ஒரு பீப்பாய்க்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். திரையில் முழுக் கவசம், இடுப்பில் வாள், முதுகில் கேடயம். சோபாவில் கசங்கிய பனியன், வாயில் ஒரு டீக்கரண்டி. வெளியே முரசு முழங்குகிறது, ஜன்னல் வழியே பாதி ஊர் எரிவது தெரிகிறது, படைத்தலைவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து ‘வீரரே, கோட்டை விழப்போகிறது!’ என்று கத்துகிறான், யாரும் அசையாததால் வெட்கப்பட்டு மறுபடியும் வெளியே போய் மறுபடியும் ஓடிவந்து கத்துகிறான். காவலன் பீப்பாயை இடப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். வலப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். வேறு தொப்பி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வாயிலிருந்த கரண்டியை எடுத்துத் திரையைத் தட்டி, என்னிடம் சொன்னார்:

“மச்சான், இந்தப் பீப்பாயச் சும்மா வைக்கல.”

வாசகரே, இவர்தான் முந்தின பாகத்தார். இப்படி ஓர் இனம் இருப்பதாகப் பறவை நூல்களிலோ விலங்கு நூல்களிலோ தேடிப் பயனில்லை. சோபாக்களில் தேட வேண்டும். என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஒன்று முழு வளர்ச்சியோடு கிடைத்தது. என் தங்கையைக் கட்டிய புண்ணியத்தில் அது எனக்கு மாப்பிள்ளையும் ஆயிற்று.

வெண்கலக் கோட்டை என்பது ஒன்பது பாகம் வந்துவிட்ட ஒரு வீடியோ கேம். ஆடுபவர் கதையின் வீரனாகவே மாறி, ஊர் ஊராக நடந்து, கண்டவர்களோடு பேசி, வாள் சுழற்றி, கடைசியில் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். சாதாரண மனிதர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஆடுகிறார்கள். முந்தின பாகத்தார் முன்பு என்ன நடந்தது என்பதை மறுபடி பார்க்க ஆடுகிறார். ஒவ்வொரு பாகத்திலும் அதைச் செய்தவர்கள் பழைய பாகங்களுக்கு ஒரு சின்ன வணக்கம் ஒளித்து வைத்திருப்பார்கள்: சுவரில் ஒரு படம், யாரோ முணுமுணுக்கும் ஒரு மெட்டு, கடைப் பலகையில் ஒரு பெயர். அந்த வணக்கத்தை முதல் ஆளாகப் பார்த்துப் பதில் வணக்கம் போடுவதற்கென்றே பிறந்தவர் இவர். உலகம் காத்திருக்கட்டும், அது எங்கே போய்விடும்? ஒன்பது பாகமாக அழியப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது?

ஆளை அடையாளம் காண்பது எளிது. சாய்ந்து கிடந்தவர் சடாரென்று நிமிர்வார். நீங்கள் பார்த்தீர்களா என்று உங்களைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மரியாதைக் குறைவு. அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். “கவனிச்சீங்களா?” என்பார். “எதை?” என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். “கவனிச்சேன்” என்றால் அதைவிட மோசம். “எங்க, என்ன கவனிச்சீங்க, சொல்லுங்க?”

புதிய பாகத்தில் பழையது எதுவும் இல்லையென்றால் “வேரை மறந்துட்டாங்க” என்று வருந்துவார். பழையது இருந்தால் “கற்பனை வறண்டு போச்சு, பழசையே சுட வச்சுத் தர்றாங்க” என்று வருந்துவார். பழையது இருந்து, அது மற்ற ஒருவர் கண்ணுக்கும் படாமல் இவர் கண்ணுக்கு மட்டும் பட்டால்? வருத்தம் போயே போச்சு. அன்றைக்கு வீட்டில் யார் என்ன கேட்டாலும் கிடைக்கும். மூன்றாம் பாகம் வெளிவந்த அன்று, இது இரண்டாம் பாகத்துக்குச் செய்த துரோகம் என்று சாப்பிடாமல் படுத்தவர் இவர். நான்காம் பாகம் வந்த அன்று, மூன்றாம் பாகம் மாதிரி இனி யார் செய்யப்போகிறார்கள் என்று சாப்பிடாமல் படுத்தவரும் இவரே. ஒரு பாகம் சிறந்த பாகமாவதற்கு அவர் கேட்கும் தகுதி ஒன்றுதான்: அதற்குப் பிறகு இன்னொன்று வந்துவிட்டிருக்க வேண்டும்.

இவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் தொழிலோ கண் பரிசோதனை. இருட்டறையில் வந்தவரை உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டதா?” என்று கேட்பது. “இப்ப போட்டது” என்று பதில் வந்தால் மாப்பிள்ளை முகம் சுண்டிவிடும். “அவசரப்படாதீங்க. முன்னாடி போட்டத இன்னொரு தரம் பாருங்க. அதுல ஒரு அழகு இருந்துச்சே?” என்பார். ஒரு லாரி ஓட்டுநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அழகு கிடக்கட்டும் சார், எனக்கு ரோடு தெரிஞ்சாப் போதும்” என்று சட்டத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி அந்தக் கோழி. அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது.

முதல் பாகத்தின் முதல் ஊரில், ஒரு பீப்பாய்க்குப் பின்னால், ஒரு கோழி சுவருக்குள் பாதி மாட்டிக்கொண்டிருந்தது. தலை உள்ளே, வாலும் இரண்டு கால்களும் வெளியே. கால்கள் ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தன. இதில் மர்மம் ஒன்றுமில்லை. நிரல் எழுதியவர் யாரோ பசியோடு எழுந்து போகும் அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் ஆடியவர்கள் விடுவார்களா? இழுத்துப் பார்த்தார்கள். சுவரை வாளால் வெட்டிப் பார்த்தார்கள். தானியம் தூவிப் பார்த்தார்கள். கோழி வரவில்லை. கோழி வராததால் தத்துவம் வந்தது. அது இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்கும் கோழி என்றார்கள். தலை இருக்கும் பக்கம்தான் அடுத்த பாகம் என்றார்கள். செய்தவர்களும் சாமர்த்தியசாலிகள். ‘பிழை’ என்று சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் சத்திரத்துப் பலகையில் பாதிக் கோழி வரைந்தார்கள். நான்காம் பாகத்தில் அரசனுடைய சிம்மாசனத்தில் பாதிக் கோழி செதுக்கினார்கள். ஆறாம் பாகத்தில் மறந்துபோனார்கள். வந்த வசவைக் கேட்டு, ஏழாம் பாகத்தில் ஒரு மலையையே கோழிவால் மாதிரி வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை முதல் பாகம் ஆடியது படிக்கிற வயதில். அன்று முதல் அந்தக் கால்கள் அவருக்குள் உதைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் கோழிக்கு ஒரு வழி பிறக்கும் என்று வதந்தி. இவரோ முடிவுக்குப் போகவில்லை. தொடக்கத்திலேயே, சத்திரத்தில் ஒரு பீப்பாயைக் கண்டுவிட்டார். பீப்பாய்க்குப் பின்னால் கோழி இருந்தே தீரும். எனவே அங்கேயே நின்றார். ஆட்டம் வாங்கி வந்த வாரத்தில் நின்றவர், என் தங்கை கால் முறியும்வரை நின்றார்.

தங்கை நீச்சல் பயிற்சியாளர். குளக்கரையில் ஓடாதே, ஓடாதே என்று பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடியதில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டோடு சோபாவுக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை அவள் வீடியோ கேம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எத்தனை நேரம்தான் கூரையைப் பார்ப்பது? கணவர் வேலைக்குப் போன பிறகு ஒன்பதாம் பாகத்தைப் போட்டாள். மாலை அவர் திரும்பியபோது அவள் சத்திரத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, மூட்டை சுமக்க ஒற்றைக் காதுக் கழுதை ஒன்றை வளர்த்துக்கொண்டு, மூன்றாவது மலையில் நின்றாள்.

“சத்திரத்துல பீப்பாய் இருந்துச்சே?” என்றார் மாப்பிள்ளை, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“இருந்துச்சு. அதுக்கு என்ன?”

“ஒண்ணும் பண்ணலயா அத?”

“ஏங்க, ஊர் எரியுதுங்க!”

அன்றிலிருந்து அவள் ஆடுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து உரை சொல்வார். ஓர் ஊர்ப் பெயர் வந்தால் அது எந்தப் பாகத்தில் யாருக்கு மாமியார் ஊர் என்று சொல்வார். ஒரு வாள் கிடைத்தால் அதன் பூர்வீகம். ஒரு குடம் உடைந்தால் குடத்தின் பூர்வீகம். அவள் குனிந்து கழுதைக்குப் புல் கொடுத்தால், அதற்குள் பேச்சு எப்படியோ ஐந்தாம் பாகத்துக்குப் போய்விட்டிருக்கும்.

பிறகு அந்தக் கதவு வந்தது. பெரிய இரும்புக் கதவு. பக்கத்தில் மூன்று நெம்புகோல்கள்.

“தொடாதே!” என்று துள்ளி எழுந்தார் மாப்பிள்ளை. “எதையும் தொடாதே! எனக்குத் தெரியும். மூணாம் பாகத்துல அப்படியே இதே மாதிரி. முதல்ல நடு, அப்புறம் இடது, கடைசியா வலது.”

“நிச்சயமா?”

“எங்க ஆளுங்க எல்லாருக்கும் இது மனப்பாடம்மா.”

நடு. இடது. வலது. தரை பிளந்தது. வீரர், கவசம், கழுதை, மூட்டை எல்லாம் ஒரு பள்ளத்துக்குள் போய் விழுந்தன. பள்ளத்தின் அடியில் அழகான எழுத்தில் ஒரு பலகை: ‘வருக, மூன்றாம் பாகத்து நண்பரே! உங்களுக்காகத்தான் தோண்டினோம்.’ படித்து முடிக்க நேரம் கொடுத்துவிட்டு ஈட்டிகள் இறங்கின.

தங்கை மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

“நமக்காகத் தோண்டியிருக்காங்க,” என்றார் தழுதழுத்து. “நண்பரேன்னு போட்டிருக்காங்க பாரு!”

“நான் செத்துட்டேங்க!”

“ஆமா! எவ்வளவு மரியாதையா!”

ஆட்டம் எல்லோரையும் உயிரோடு மறுபடி கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இம்முறை அவள் நெம்புகோல் எதையும் தொடவில்லை. கதவைக் கையால் தள்ளினாள். திறந்தது. அது பூட்டியே இருக்கவில்லை. இவரைப் போன்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பள்ளத்தில் ஆனந்தக் கண்ணீரோடு செத்தார்களோ, அவர்களில் ஒருவராவது அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்திருப்பாரா?

பள்ளத்தைக்கூட அவள் மன்னித்திருப்பாள். கழுதை விஷயத்தில்தான் வினை முற்றியது. அதன் நெற்றியை அவள் தடவிக்கொடுத்தபோது மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. அஞ்சாம் பாகத்துலயும் ஒரு கழுதை இருந்துச்சு.”

“இருந்துச்சா? இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்?”

“நான் எதுவும் சொல்லல.”

“இருந்துச்சுன்னு இப்பதானே சொன்னீங்க!”

தங்கை கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். நீச்சல்குளத்தில் மாட்டிக்கொள்ளும் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள்.

“இதோ பாருங்க. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கதையோட முடிவ நானே போய்ப் பாக்கணும்னு ஆசைப்படறேன். இந்தக் கழுதை பிழைக்குமா பிழைக்காதான்னு நானே தெரிஞ்சுக்கணும். நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. திறந்தா விசில். விசிலுக்கு அப்புறமும் பேசினா, கடைசிக் காட்சிய உங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டுத்தான் பாப்பேன்.”

கடைசிக் காட்சி! கோழி வெளியே வரப்போகும் காட்சி! இத்தனை வருட உதைப்புக்கும் விடை கிடைக்கும் நேரத்தில் தாழ்வாரத்தில் செருப்புகளோடு நிற்பதா? மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை எழுத ஒன்பது பாகம் போதாது. தலையணை முனையைக் கடித்தார். பால்கனிக்கு ஓடித் தொட்டிச் செடிகளிடம் சொல்லிவிட்டு வந்தார். நிமிர்ந்தாலே விசில் வந்ததால் நிமிராமல் உணர்ச்சிவசப்படப் பழகினார். ஒருநாள் எனக்குத் தொலைபேசி வந்தது. அருவிக்கு அடியில் நின்று யாரோ கிசுகிசுப்பதுபோல் இருந்தது.

“மச்சான், பேசலாமா?”

“என்ன மாப்பிள்ளை, தண்ணி சத்தம்?”

“பாத்ரூம்ல இருக்கேன். அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயத் திறந்து விட்டிருக்கேன். மச்சான், படகுக்காரன் பாடினான்.”

“என்ன பாடினான்?”

“தாலாட்டு! ரெண்டாம் பாகத்துல ராணி தொலைஞ்சுபோன குழந்தைக்குப் பாடுவாளே, அதே மெட்டு! அந்தக் குழந்தைதான் வளர்ந்து படகுக்காரன் ஆயிருக்கு மச்சான்! இவ என்ன பண்ணினா தெரியுமா? பாட்டு முடியறதுக்குள்ள படகுல ஏறி, ‘சீக்கிரம் ஓட்டுய்யா’ங்கறா!”

“ஐயோ பாவம்.”

“யாரு, படகுக்காரனா?”

“நீங்கதான்.”

கதவுக்கு வெளியே விசில் கேட்டது. குழாய் நின்றது. தொலைபேசியும் நின்றது.

முடிவு ஒரு ஞாயிறு மதியம் வந்தது. சாட்சிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தங்கை மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, பகைவர் தலைவனை மூன்று வெட்டில் சாய்த்தாள். கோட்டை வாயில் திறந்தது. கழுதை உயிரோடு இருந்தது, தங்கை “ஹோ!” என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கத்தவில்லை. திரையில் கடைசிக் காவலன் கழுதையோடு தளர்ந்த நடையில், புறப்பட்ட இடத்துக்கே, அந்தச் சத்திரத்துக்கே திரும்பி வருகிறான். சமையலறை. பீப்பாய். யாரும் தொடாமலே பீப்பாய் மெல்ல ஆடியது, சாய்ந்தது, உருண்டு போயிற்று.

பின்னால் இருந்த சுவரிலிருந்து ஒரு கோழி வெளியே வந்தது. முழுக் கோழி. தலையோடு கோழி. வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டியது, உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது, இரண்டு காலாலும் நடந்துபோய்க் கழுதையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. திரை இருண்டது.

“இது என்னங்க கடைசியில ஒரு கோழி?” என்றாள் தங்கை. விசிலைக் கழற்றி மேசைமேல் போட்டாள். “சரி, இப்ப சொல்லலாம். என்ன அர்த்தம் இதுக்கு?”

வாழ்நாள் முழுவதும் ஒரு மனிதன் காத்திருந்த கேள்வி. பாதிக் கோழி, பலகைக் கோழி, சிம்மாசனக் கோழி, மலைக் கோழி என்று அத்தனையும் அவர் தொண்டையில் முண்டியடித்து வருவது வெளியிலிருந்தே தெரிந்தது. நான் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“வெளிய வந்துருச்சும்மா,” என்றார்.

அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், அலமாரியிலிருந்து தூசி படிந்த முதல் பாகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாள் இருந்ததுதான் தொல்லை. அடுத்த வாரம் நான் போனபோது மாப்பிள்ளை டீயில் சர்க்கரை போட்டுக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். சோபாவிலிருந்து ஒரு கூச்சல்.

“ஏங்க! ஓடி வாங்க! ஒன்பதாம் பாகத்துக் கோழி இங்க இருக்கு! பாதி சுவருக்குள்ள!”

“அது ஒன்பதாம் பாகத்துக் கோழி இல்லம்மா,” என்றார் மாப்பிள்ளை, அடிபட்ட குரலில். “இதுதான் முதல்ல வந்துச்சு. அவங்க இத நினைச்சுத்தான் அத வச்சாங்க.”

“அதெப்படி? நான் அதத்தானே முதல்ல பாத்தேன்? அடேயப்பா, ஒன்பதாம் பாகத்துக்கு அப்பவே வணக்கம் வச்சிருக்காங்க! அண்ணா, கவனிச்சியா? இதச் சும்மா வைக்கல!”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். விசில் இன்னும் மேசைமேலேயே கிடந்தது. அவர் கை அதன் பக்கம் கொஞ்ச தூரம் போயிற்று; பிறகு நல்லபிள்ளையாகத் திரும்பி வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சத்திரத்துச் சமையலறை திரும்ப வந்தபோது ‘ஆ, முதலில் வந்த அதே பீப்பாய்!’ என்று உள்ளுக்குள் ஏதோ துள்ளவில்லை? டீயைக் கலக்கிய கரண்டி, முதலில் வாயில் இருந்த கரண்டிதானே என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு பரபரக்கவில்லை? நிமிர்ந்து வேறு உட்கார்ந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே! கரண்டியைச் சும்மாதான் வைத்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெட்டியின் பின்அட்டை அப்படியேதான் இருக்கிறது: கடைசிக் காவலன், ஒரு நொடியும் வீணாக்காதவன், திரும்பிப் பார்க்காதவன். மாப்பிள்ளை ஒன்பதாம் பாகத்தைத் தாமே ஆட மறுபடி உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் பீப்பாய் நகரும் என்று இப்போது அவருக்குத் தெரியும். “இப்பவாவது கிளம்புங்களேன் மாப்பிள்ளை,” என்று சொல்லிப் பார்த்தேன்.

“எப்படி மச்சான் கிளம்பறது? உள்ள கோழி இருக்குன்னு தெரிஞ்சு போச்சே.”

முரசு முழங்கியது. ஊர் எரிந்தது. படைத்தலைவன் ஓடிவந்து கத்திவிட்டுப் போனான். மாப்பிள்ளை அந்தச் சமையலறையில், பீப்பாய்க்குப் பக்கத்தில், வாளை உருவிக்கொண்டு காவல் நின்றார்.